32 மி.மீ. குழாயில் ஒரு இன்ச் எல்போ பொருந்தவில்லை

கேள்வி:
மோட்டாரிலிருந்து மாடித் தொட்டிக்குச் செல்லும் பழைய சாம்பல் நிற பிவிசி குழாயில் 32 மி.மீ. என்று அச்சிட்டிருக்கிறது. அது ஒரு இன்ச்தான் என்று சொல்லிக் கடைக்காரர் வெள்ளை யூபிவிசி எல்போவைக் கொடுத்தார். அதனுள் குழாய் தளர்ந்து ஆடுகிறது. சொல்யூஷனைக் கூடுதலாகத் தடவி ஒட்டிவிடலாமா?

பதில் 1:
தயவுசெய்து ஒட்டாதீர்கள் ஐயா. ஐ.எஸ். 4985 என்ற இந்தியத் தரத்தில் வரும் சாம்பல் நிறக் குழாய்க்கு 32 மி.மீ. என்பது வெளிவிட்டம், அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். தரத்தைப் பின்பற்றும் வெள்ளைக் குழாயிலோ ஒரு இன்ச் என்பது பெயரளவுதான், அதன் வெளிவிட்டம் 33.4 மி.மீ. சொல்யூஷன் பிளாஸ்டிக்கை இளக்கி இணைக்குமே தவிர, இவ்வளவு இடைவெளியை நிரப்பாது. மோட்டார் தரும் அழுத்தத்தில் இணைப்பு கழன்றுவிடக்கூடும். வெந்நீருக்கும் பயன்படும் சிபிவிசி குழாயில் அதே ஒரு இன்ச்சுக்கு வெளிவிட்டம் 28.6 மி.மீ. என்பதால் அதுவும் உதவாது.

பதில் 2:
பழைய குழாயில் 32 மி.மீ. எம்.டி.ஏ.வையும் (வெளிமரை உள்ள இணைப்பான்), எல்போவில் பொருத்தும் வெள்ளைக் குழாயில் ஒரு இன்ச் எஃப்.டி.ஏ.வையும் (உள்மரை உள்ள இணைப்பான்) ஒட்டி, மரையில் டெஃப்லான் டேப் சுற்றி இணைக்கலாம். கடையிலேயே இரண்டையும் முடுக்கிப் பார்த்து வாங்குங்கள். ரெஞ்சால் அளவுக்கு மீறி முடுக்கினால் எஃப்.டி.ஏ. விரிசல் விடும்.

கேள்வி கேட்டவர்:
எல்போவையே 32 மி.மீ. அளவில் வாங்கிவிட்டால் இவை எதுவும் தேவையில்லை அல்லவா?

பதில் 1:
ஆம், அதுவே சிறந்தது. விவசாயக் குழாய் விற்கும் கடைகளில் கேளுங்கள். குழாயின் வெட்டுத் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.