கலைச்சொல்: 'முரண்பாடு' வேண்டாம், 'மாறுகோள்'

ஒப்பந்தப் பிரிவுகளை இணை இணையாக ஒப்பிடும் கணினிக் கருவிக்கு மூன்று குறிகள் வேண்டும்: ஒன்றையொன்று மறுப்பவை, ஒன்றிலிருந்து இன்னொன்று கிடைப்பவை, இரண்டுமில்லாதவை. அவற்றுக்குப் பெயர் தேடும் பேச்சு இது.

> ஒப்பந்தப் பிரிவுகள் ஒன்றையொன்று மறுத்தால் 'முரண்பாடு' என்றே வைக்கலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்ங்க, சிக்கலே அதுதான். இரு தரப்புக்கும் தகராறு என்றாலும் முரண்பாடு, நலன்கள் மோதினாலும் முரண்பாடு. இங்கே கணினி தேடுவது ஒரே பத்திரம் தன் பேச்சைத் தானே மறுக்கும் இடத்தை. நன்னூலின் பத்துக் குற்றங்களில் அதற்குப் பெயர் இருக்கிறது: மாறுகொளக் கூறல். பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று நாம் சொந்தம் கொண்டாடும் பவணந்தி வைத்திருக்க, வெளியே தேடுவானேன்?

திருப்பூர் சாயப்பட்டறையின் ஜாப்வொர்க் (கூலிக்குச் சாயமேற்றும்) ஒப்பந்தத்தில் 60 பிரிவு இருந்தால் 1,770 இணைகள். அத்தனையையும் மொழிமாதிரியிடம் (எழுத்தைப் படித்து முடிவு சொல்லும் செயற்கை நுண்ணறிவிடம்) கொடுத்தால் பொய் எச்சரிக்கை குவியும். பணம், நாள், அளவு என ஒரே விஷயம் பேசும் இணைகளை மட்டும் முதலில் பொறுக்க வேண்டும். பிரிவில் 'பிராசஸ் லாஸ் (சாயமேற்றும்போது ஏற்படும் எடைக்குறைவு) 4 சதம்', பின்னிணைப்பு அட்டவணையில் 6 சதம்: அப்பட்டமான மாறுகோள். ஆனால் பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை உருவும்போது அட்டவணை சிதறினால், அந்த 6 எதைச் சேர்ந்தது என்றே தெரியாது.

'பில் தேதியிலிருந்து 45 நாளில் பணம்', 'பையர் பணம் வந்த 7 நாளில் பணம்': இது வேறு ரகம். பையர் (சரக்கை வாங்குபவர்) பில் தேதியிலிருந்து 38 நாளுக்குள் அனுப்பினால் இரண்டும் ஒத்துப்போகும். 'நிபந்தனை மாறுகோள்' எனத் தனியே குறிக்கலாம். 'எது எவ்வாறிருப்பினும்' என்று தொடங்கும் பிரிவில் எது மேலோங்கும் என்பதைப் பத்திரமே சொல்லிவிடுகிறது. மொழிமாதிரி அதையும் மாறுகோள் என்று கூவும். இத்தகைய சொற்களை முன்கூட்டியே அடையாளமிடாவிட்டால் வக்கீல் இரண்டே நாளில் கருவியை மூடிவிடுவார்.

> 'கோள்' என்றால் கிரகம் என்று நினைக்க மாட்டார்களா? மற்ற இரண்டு குறிகளுக்கு என்ன?

மேற்கோளையும் குறிக்கோளையும் யாரும் வானத்தில் தேடுவதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்று கிடைத்தால் 'பெறப்படல்'. உரையாசிரியர்கள் 'பெறப்பட்டது' என்று எழுதியது இதையே. இரண்டுமில்லாத மூன்றாவதற்கு 'நடுநிலை' கூடாது, அது நீதிபதிக்குரியது. 2021இல் வந்த கான்ட்ராக்ட்-என்எல்ஐ தரவுத்தொகுப்பே (607 ரகசியக்காப்பு ஒப்பந்தங்கள்) 'குறிப்பிடப்படவில்லை' என்றுதான் வைத்தது. ஆகவே 'கூறாமை'. ஆனால் அந்தத் தொகுப்பு 17 நிலையான கூற்றுகளை ஒப்பந்தத்தோடு ஒப்பிடுவது, பிரிவோடு பிரிவை அல்ல; அப்படியே நம் வேலைக்கு ஒத்துவராது.

> பத்திரத்தில் 60 நாள் தவணை. பட்டறை சிறுதொழிலாகப் பதிவானது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் பணம் தர 45 நாளுக்கு மேல் விடாதே. இதுவும் மாறுகோளா?

இல்லைங்க. மறுக்கும் வாசகம் பத்திரத்துக்கு வெளியே இருக்கிறது. அதற்குச் 'சட்டமீறல்' என்ற பழைய சொல்லே போதும்.