ஷேடோ கோப்பை இறுக்கிய பிறகு திரைப்பூட்டு திறக்கவில்லை

முனையம்_7:
டெபியன் 12 லினக்ஸ். கடவுச்சொற்களின் ஹாஷ்கள் (குழப்பிய வடிவங்கள்) இருக்கும் /ஈடிசி/ஷேடோ கோப்பு 644-ல், அதாவது யாரும் படிக்கும்படி, இருக்கிறது என்று பாதுகாப்புச் சோதனையில் வந்ததால், சரிசெய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டினோம். அது பாஸ்டபிள்யூடி (பயனர் பட்டியல்), குரூப் (குழுப் பட்டியல்), ஷேடோ, ஜிஷேடோ (குழுக்களுக்கான ஷேடோ) நான்குக்கும் 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத), ரூட்:ரூட் (உரிமையாளரும் குழுவும் நிர்வாகிக் கணக்கான ரூட்) என்று போட்டுவிட்டது. இப்போது புதிய டெர்மினலில் 'ஐ ஹேவ் நோ நேம்!' என்று வருகிறது, கோப்புகளைப் பட்டியலிட எல்எஸ் -எல் அடித்தால் என் பெயர் இருந்த இடத்தில் 1000 என்ற பயனர் எண். திரைப்பூட்டு நிரலான ஐ3லாக் சரியான கடவுச்சொல்லையே ஏற்கவில்லை. ரூட்டாகக் கட்டளை ஓட்டும் சூடோ மட்டும் வேலை செய்கிறது. என்ன செய்யலாம்?

கரையான்:
பாஸ்டபிள்யூடி, குரூப் இரண்டும் எல்லோரும் படிக்க வேண்டியவை. எண்ணுக்குரிய பெயரை அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். ஹாஷ் அதில் இல்லை, வெறும் 'எக்ஸ்' தான். இரண்டுக்கும் 644 போடுங்கள்.

முனையம்_7:
பெயர் வந்துவிட்டது. ஐ3லாக் இன்னும் அடம்பிடிக்கிறது.

கோடாலி:
சிக்கல் ஷேடோவின் 600, குழு இரண்டிலும்தான். ஐ3லாக் உங்கள் கணக்கில் ஓடுகிறது, அதனால் ஷேடோவைத் தானே படிக்க முடியாது. யூனிக்ஸ்_சிஎச்கேபிடபிள்யூடி என்ற சின்ன நிரலிடம் கேட்கிறது. டெபியனில் அந்த நிரலுக்கு ரூட் அதிகாரம் கிடையாது, ஷேடோ குழுவின் அதிகாரம் மட்டுமே. கோப்பின் குழு ரூட் என்றும், அனுமதி 600 என்றும் ஆனதும் அதற்கும் கதவு அடைபட்டது. சூடோ ரூட்டாகவே ஓடுவதால் தப்பித்தது.

குழுவை மாற்ற சூடோ சிஎச்ஓன் ரூட்:ஷேடோ, அப்புறம் குழுவும் படிக்க சூடோ சிஎச்மாட் 640. ஷேடோ, ஜிஷேடோ இரண்டுக்கும். சோதித்துப் பார்க்க, சூடோ இல்லாமல் சேஜ் -எல் (கடவுச்சொல் காலாவதி விவரம் காட்டும் கட்டளை) கொடுத்து உங்கள் பயனர்பெயரைப் போடுங்கள். அதுவும் அதே குழுவை நம்பித்தான் ஓடுகிறது.

முனையம்_7:
திறந்துவிட்டது, நன்றி! ரெட்ஹேட் (இன்னொரு லினக்ஸ் குடும்பம்) கணினியில் ஷேடோ 000, அதாவது யாருக்கும் அனுமதியில்லை, என்று இருக்கிறதே, அதையும் 640 ஆக்கணுமா?

கோடாலி:
வேண்டாம், அங்கே அதுதான் இயல்பு. அந்தச் சின்ன நிரல் அங்கே ரூட்டாக ஓடுகிறது, ரூட்டை 000 தடுக்காது. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே ஸ்கிரிப்ட் எழுதுபவர்களால் வரும் வினை இது.

கரையான்:
ஒன்று விட்டுப்போச்சு. 644-ல் கிடந்த காலத்தில் அந்தக் கணினியில் கணக்கு வைத்திருந்த யாரும் ஹாஷ்களை நகலெடுத்திருக்கலாம். வேறு கணினியில் வைத்து நிதானமாக உடைப்பார்கள். கடவுச்சொற்களை மாற்றுங்கள். ஷேடோ- என்று கோடு போட்டு முடியும் காப்பு நகலையும், யாராவது கையால் எடுத்துவைத்த .பேக் கோப்புகளையும் பாருங்கள்.

முனையம்_7:
ஷேடோ.பேக் ஒன்று 644-ல் இருந்தது. அழித்தாயிற்று. கடவுச்சொற்களை இன்றே மாற்றச் சொல்கிறேன்.