ட்யூபர்குலின் ஊசிக்குத் தோல் தடிக்கும் எருமையை எப்படி அழைப்பது?

கால்நடை நோய்களுக்குத் தமிழ்ச் சொற்களை முடிவு செய்யும் நம் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

‘பசுக் காசநோய்’ என்பதை விடுத்து ‘மாட்டுக் காசநோய்’ என்று முடிவு செய்தது நன்று. நம் வழக்கில் மாடு என்றால் எருமையும் அடங்கும். ஆனால், அந்நோயைச் சோதிக்க ட்யூபர்குலின் ஊசி போட்டபின் தோல் தடிக்கும் விலங்குக்கு முன்மொழியப்பட்டுள்ள ‘நோய்மாடு’, ‘எதிர்வினை மாடு’ ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை.

இந்தச் சோதனையில், காசநோய்க் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த ட்யூபர்குலின் என்னும் புரதத்தைக் கழுத்துத் தோலுக்குள் செலுத்தி, 72 மணி நேரம் கழித்துத் தோல்மடிப்பின் கனத்தை மீண்டும் அளக்கிறார்கள். கனம் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் சோதனை முடிவு நேர்மறை என்று அந்த விலங்கு பிரிக்கப்படுகிறது. அந்தத் தடிப்பு காட்டுவது, விலங்கின் உடல் அக்கிருமியையோ அதன் இனத்தைச் சேர்ந்த வேறொன்றையோ முன்பே சந்தித்திருக்கிறது என்பதை மட்டுமே. பறவைக் காசநோய்க் கிருமியும், மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக் கிருமிகளும்கூடத் தடிப்பை உண்டாக்கலாம். மறுபுறம், நோய் முற்றிய எருமை தடிப்பே காட்டாமல் போவதும் உண்டு. ஆகவே ‘நோய்மாடு’ என்பது சோதனை சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறது.

இது வெறும் சொல்நுட்பமன்று. மொசரெல்லா பாலாடைக்கட்டிக்காக எருமை வளர்க்கும் இத்தாலியின் கம்பானியா பகுதியில், குறிப்பாகக் கசெர்ட்டா மாவட்டத்தில், காசநோய்க்காகவும், கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா என்னும் தொற்றுநோய்க்காகவும் மந்தைகள் கழிக்கப்பட்டபோது, வெட்டப்பட்டவற்றுள் பலவற்றில் பின்னர் நோய் உறுதியாகவில்லை என்று பண்ணைக்காரர்கள் வாதிட்டனர். அவர்கள் வாதம் எந்த அளவுக்குச் சரி என்பது வேறு கேள்வி. ஆயினும் சோதனை முடிவையும் நோயையும் ஒரே சொல்லால் குறித்தால், அந்த வாதத்தைத் தமிழில் எழுதவே முடியாது.

‘எதிர்வினை மாடு’ என்பதில் வேறு குழப்பம் இருக்கிறது. ஊசி, எதிர்வினை என்று அடுத்தடுத்துப் படிப்பவர், மருந்து ஒவ்வாமல் போன மாடு என்றே பொருள் கொள்வார்.

என் பரிந்துரை ‘தடிப்புக் கண்ட மாடு’. அம்மை கண்டவர், காய்ச்சல் கண்டவர் என்று நாம் சொல்லும் அதே அமைப்பு இது. கண்ணுக்கும் கைக்கும் தெரிவதை மட்டும் சொல்கிறது. ‘தடித்த மாடு’ என்று சுருக்கினால் கொழுத்த மாடாகிவிடும் என்பதால், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பதிவேட்டில் ‘தடிப்புக் கண்டவை’, ‘தடிப்புக் காணாதவை’ என்று பத்தி பிரிக்கலாம்.

2 மி.மீ.க்கு மேல், 4 மி.மீ.க்குக் கீழ் கனம் கூடியவற்றுக்கு ‘ஐயத் தடிப்பு’ போதும். அவற்றைக் குறைந்தது 42 நாள் கழித்து மீண்டும் சோதிப்பதற்கு ‘மறுசோதனை’யைவிட ‘மறு ஊசி’ எனக்குப் பிடித்திருக்கிறது. இரத்தச் சோதனையோடு அது கலந்துவிடாது.