பழைய கோட்டையில் புதுச் சாம்பல் ஒட்டாது

ஈசூனிலிருந்து

எண்பதுகளில் அப்பா ஓவர்டைம் காசில் வாங்கிக் கொடுத்த லெகோ கோட்டை. 1984இல் வந்த செட், எண் 6080. அம்மா மூன்று வீடு மாறியும் அதைத் தூக்கிப் போடவில்லை, பெரிய பிஸ்கட் தகரத்தில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்திருந்தார். போன டிசம்பர் பள்ளி விடுமுறையில் வெளியே எடுத்தேன்.

முழுதாகக் கட்டிக் காட்டியபோது மகள் கேட்ட முதல் கேள்வி: "ஏம்பா எங்க பார்த்தாலும் பொட்டுப் பொட்டா நீட்டிக்கிட்டு இருக்கு?" துண்டுகளின் தலையில் இருக்கும் வட்ட மேடுகளைத்தான் பொட்டு என்கிறாள். அவள் சொன்னது சரிதான். இப்போது வரும் செட்டுகளில் பாதிப் பொட்டை டைல் என்ற வழுவழுப்பான தட்டைத் துண்டு போட்டு மூடிவிடுகிறார்கள். சுவரில் செங்கல் வரி தெரிகிற துண்டுகளும் இருக்கின்றன. சரி, நாமும் கோட்டையைப் புதுசாக்குவோம் என்று இணையத்தில் இருநூறு சாம்பல் துண்டுகள் ஆர்டர் செய்தேன்.

ராத்திரி சமையலறை விளக்கில் எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது. காலையில் காரிடாருக்கு எடுத்துப் போனால், பாதிச் சுவர் சாம்பல், பாதிச் சுவர் ஆறிய டீ. ஒரு பக்கம் மட்டும் சாயம் அடித்துவிட்டுப் போன அடுக்குமாடி புளோக் மாதிரி இருந்தது.

அழுக்கு என்று நினைத்துவிட்டேன். நம் ஆள் சும்மா இருப்பாரா? மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி, கண்ணாடிப் பாத்திரத்தில் துண்டுகளோடு ஊற்றி வெயிலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு துண்டிலும் குட்டிக் குட்டிக் குமிழ் ஒட்டிக்கொண்டு எல்லாம் மேலே மிதக்க ஆரம்பித்தன. மிதக்கும் பக்கம் வெளுக்காது. ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் அம்மாவின் சின்னக் குழவியைத் தூக்கி வைத்தேன். கையுறை போடாமல் ஒரு துண்டை எடுத்ததில் விரல் நுனி வெள்ளையாகி ஊசி குத்துவது போல் எரிந்தது. அந்தத் தப்பை யாரும் செய்யாதீர்கள்.

அதே தகரத்தில் கிடந்த ஒரு வண்டியின் மஞ்சளித்த வெள்ளைத் துண்டுகள் இரண்டு நாளில் பால் போல் ஆகிவிட்டன. நீலத் துண்டு ஒன்றை மறந்து கூடுதலாக ஒரு நாள் விட்டதில் திட்டுத் திட்டாக வெளிறிவிட்டது. சாம்பல் மட்டும் அசையவில்லை.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. லெகோ 2004 வாக்கில் சாம்பல் நிறத்தையே மாற்றிவிட்டது. பழையதில் லேசான பழுப்புச் சாயல், புதியதில் நீலச் சாயல். எத்தனை கழுவினாலும் அது இதுவாகாது.

ஆகவே சுவரில் கை வைப்பதை விட்டேன். புதுச் சாம்பலை எல்லாம் கோட்டைக்கு அடியில் பாறையாகவும் படிக்கட்டாகவும் கட்டினேன். பாறை வேறு, சுவர்க்கல் வேறு, நிறம் மாறினால் யார் கேட்கப்போகிறார்கள்? மேல் மாடத்துப் பொட்டுகளை மூட மட்டும் பழைய சாம்பலிலேயே டைல் தேடி வாங்கினேன். விலை கொஞ்சம் கடிக்கத்தான் செய்தது.

தெம்பனிஸிலிருந்து

உங்கள் பாறை யோசனை நன்றாக இருக்கிறது. 1979இல் வந்த கேலக்ஸி எக்ஸ்புளோரர் விண்கலத்தை 2022இல் லெகோ நிறுவனமே புதுப்பித்தது, பார்த்தீர்களா? பழையதில் 338 துண்டு, புதியதில் 1,254. அளவை ஒன்றரை மடங்காக்கி, சாம்பல் துண்டுகளை எல்லாம் புதுச் சாம்பலிலேயே செய்ததால் அவர்களுக்கு உங்கள் தலைவலி இல்லை.

நான் கை வைத்தது வண்டிகளிலும் கடைகளிலும். 2017இல் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை மூடுவதற்கு முந்தின வாரம் ஒரு அங்கிளிடம் ஒரு பை நிறைய வாங்கினேன். பழைய கார்கள் நாலு பொட்டு அகலம், ஒரு பொம்மை உட்கார்ந்தால் இடம் முடிந்தது. லெகோவின் ஸ்பீட் சாம்பியன்ஸ் வரிசைக் கார்களே ஆறு பொட்டிலிருந்து 2020இல் எட்டுக்குப் போய்விட்டன. எட்டுக்குப் போனால் பழைய காரின் அடையாளமே போய்விடும் என்று நான் ஆறோடு நிறுத்திக்கொண்டேன். முன்கண்ணாடி பழையதுதான், இரண்டு பக்கமும் டைல்களைப் பக்கவாட்டில் திருப்பி ஒட்டினேன். கறுப்பு உடல், மஞ்சள் கூரை போட்டதும் என் மாமனார் ஓட்டிய டாக்சி அப்படியே வந்து நின்றது.

பழைய கடை ஒன்றின் முகப்பை நாலு பொட்டு உள்ளே தள்ளி, முன்னால் தூண் வைத்து ஐந்தடிப் பாதை, அதாவது கடை முன் கூரையிட்ட நடைபாதை, ஆக்கினேன். அது ஒன்று போதும், தேக்கா பக்கத்துக் கடைவீடு வந்துவிடுகிறது. பலகை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் பொட்டு உள்ள துண்டுகளைப் பயன்படுத்துங்கள். சுவரில் ஒட்டிப் பிடிக்கும், அழுத்தினால் விழாது.

உட்லண்ட்ஸிலிருந்து

செட்டைப் புதுப்பிக்கும்போது செம்பழுப்புத் துண்டுகளில் கவனம். இருபது வருஷத்துக்கு முந்தைய செட் ஒன்றைப் பிரித்தேன், பிளேட் என்ற மெல்லிய துண்டுகள் பிஸ்கட் மாதிரி உடைந்தன. அடுத்த முறை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து மெதுவாகப் பிரித்தேன், சேதம் குறைந்தது. வெந்நீர் வேண்டாம், 40 டிகிரிக்கு மேல் போனால் துண்டு வளைந்துவிடும். ஸ்டிக்கர் ஒட்டிய துண்டுகளைத் தண்ணீரிலேயே போடாதீர்கள். என் தீயணைப்பு நிலையத்துப் பெயர்ப்பலகை அப்படித்தான் காணாமல் போனது.

ஈசூனிலிருந்து

தெம்பனிஸ் அண்ணே, அந்த டாக்சியைப் படம் எடுத்துப் போடுங்கள். உட்லண்ட்ஸ் சொன்னது எனக்குத் தாமதமாகக் கிடைத்த புத்தி, என் ஸ்டிக்கர் இரண்டும் போயே போச்சு. கோட்டை இப்போது டிவிக்குப் பக்கத்தில், வெயில் படாத மூலையில் நிற்கிறது. குழவியை நன்றாகக் கழுவி அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எதற்கு எடுத்தேன் என்று இன்னும் சொல்லவில்லை.