ஹாட் டப்பில் சாய்ந்து படுத்தால் உடம்பு மேலே வந்துவிடுகிறது, என்ன செய்வது?

ஓசூரிலிருந்து கேள்வி:
மார்கழிக் குளிருக்காக வீட்டுப் பின்புறம் ஹாட் டப் (உட்கார்ந்து குளிக்கிற வெந்நீர்த் தொட்டி) வைத்தோம். அம்மா முதுகுவலிக்காகச் சாய்வு இருக்கையில் படுத்தால், ஜெட் (தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் குழாய்வாய்) ஓடத் தொடங்கியதுமே கால் தூக்கி, இடுப்பு நழுவி, பக்கத்து இருக்கைக்கே போய்விடுகிறார். அவருக்கு உயரமும் குறைவு. நிலையாக இருக்க வழி சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
கிணற்றில் மல்லாந்து மிதந்திருக்கிறீர்களா? மூச்சை இழுத்துப் பிடித்தால் மேலே வருவோம், விட்டால் தாழ்வோம், இதுவும் அதேதான். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலையும் தோளும் தண்ணீருக்கு வெளியே இருந்து நம்மைக் கீழே அழுத்தும், படுத்தால் அந்த எடை குறைந்துவிடும். முதலில் பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் அடிக்கிற ஜெட்டுகளைக் குறையுங்கள், பல மாடல்களில் ஜெட்டின் முகப்பைத் திருப்பினாலே போதும்.

பாலக்கோட்டிலிருந்து:
தண்ணீரை ஓரிரு அங்குலம் இறக்கிப் பாருங்கள், ஆனால் ஸ்கிம்மர் (மேலே மிதக்கும் தூசியோடு தண்ணீரை உள்ளே இழுக்கும் திறப்பு) வாய்க்குக் கீழே போனால் பம்ப் காற்றை இழுக்கும், கவனம். அப்புறம், மடியில் வைக்க மணல் போட்ட எடைப்பட்டை வாங்குங்கள். தண்ணீர் நிரப்பிய பை வேண்டாம், தண்ணீருக்குள் அதற்கு எடையே இருக்காது.

காவேரிப்பட்டணத்திலிருந்து மறுபடியும்:
உயரம் குறைந்தவர்களுக்குப் பாதம் ஊன்ற இடம் எட்டாது, அதுதான் பெரிய சிக்கல். அவருக்கு நிமிர்ந்த மூலை இருக்கையே நல்லது. சூடு 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம், ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

ஓசூரிலிருந்து:
சரி, இன்று மாலையே கால் ஜெட்டை அடைத்துப் பார்க்கிறேன். ரொம்ப நன்றி.