அம்மாவோட ஸ்டெப் கவுண்ட்டை நான் வேற எதுக்கோ பாக்குறேன், தப்பா?

காவிரிக்கரை:
அம்மா திருச்சில தனியா இருக்காங்க, 68 வயசு. டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு போன தீபாவளிக்கு கைல ஒரு ஃபிட்னஸ் பேண்ட் கட்டிவிட்டேன். ஆப்ல ரெண்டு பேரும் ஷேர் பண்ணிருக்கோம், யாரு அதிகம் நடக்குறான்னு போட்டி போடத்தான் அந்த வசதி, ஆனா நான் போட்டியே பாக்குறதில்ல. காலைல 6 மணிக்கு தெறந்து பாப்பேன், 150, 200னு ஏறியிருந்தா எழுந்து வாசல் தெளிச்சு கோலம் போட்டாச்சுன்னு அர்த்தம், அதுக்கப்புறம்தான் எனக்கு காபி எறங்கும். போன வாரம் ஏழரை வரைக்கும் சைபர்லயே நின்னுச்சு, பதறிப்போய் போன் பண்ணா பேண்டை சார்ஜ் போட்டிருக்காங்க. நான் இப்படி பாக்குறது அவங்களுக்குத் தெரியாது. சொல்லிடவா? வேற யாராச்சும் இப்படி பண்றீங்களா?

மேலமாசி வீதி:
சொல்லிடுங்க. நான் அப்பாவோட வாட்ஸ்அப் லாஸ்ட் சீனைத்தான் இப்படி பாத்துட்டு இருந்தேன், திடீர்னு ஆஃப் பண்ணிட்டாரு. விஷயத்தை சொன்னதும் ஒண்ணுமே பேசல, அன்னிக்கு ராத்திரியே ஆன் பண்ணிட்டாரு.

பழைய சைக்கிள்:
அந்த பேண்டுக்கு நடை தெரியாது சகோ, உள்ள இருக்குற ஆக்சலரோமீட்டர் அசைவை வெச்சுத்தான் எண்ணுது. எங்க ஆபீஸ் ஸ்டெப் போட்டில கூட வேலை பாக்குறவர் கொழந்தை தூங்குற தூளியோட கயித்துல வாட்சைக் கட்டி ஆட்டிவிட்டே 10,000 எடுத்தார். ரெண்டு மாசக் கொழந்தை, ராத்திரி தூக்கமே இல்லாத மனுஷன், அவர் மேல எனக்கு கோவமே வரல. தினமும் நடக்கணும்னு எல்லாரும் சொல்ற அந்த 10,000மும் ஆராய்ச்சி பண்ணி வந்த கணக்கில்ல, 1965ல ஜப்பான்ல வித்த 'மான்போ-கெய்'ங்கிற அடி எண்ணுற கருவியோட பேரு, பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம். 2019ல சராசரி 72 வயசுல இருக்குற 16,000க்கு மேல பெண்களை வெச்சு அமெரிக்காவுல வந்த ஆய்வுல 7,500 அடி வாக்குலயே பலன் ஏறுறது நின்னுடுது, 4,400 நடந்தவங்களுக்கே நல்ல வித்தியாசம் இருந்துச்சு. அதனால அம்மாவை எண்ணிக்கை சொல்லி வெரட்டாதீங்க.

காவிரிக்கரை:
நேத்து சொல்லிட்டேன். அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமாம்! முட்டி வலில எந்திரிக்க லேட்டாகுற அன்னிக்கு படுத்துக்கிட்டே கையை வீசி வீசி ஆட்டுவாங்களாம், "புள்ள பாக்குமேன்னுதான்டி"ங்குறாங்க. இனிமே சார்ஜ் மத்தியானம் சாப்ட்டு படுக்கும்போதுதான் போடுவாங்களாம். முட்டி வலியை இத்தன நாள் எங்கிட்ட சொன்னதே இல்ல, வர்ற சனிக்கிழமை ஊருக்குப் போறேன்.