ஆராய்ச்சிக்கு இன்னும் பணம் வேண்டும் என்கிறார்கள். வாங்கப் போவது யார்?

குணா (சாட்ஸ்வர்த்)
தென்னாப்பிரிக்காவில் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் ஆகும் செலவு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.6 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. பத்து வருடத்தில் அதை 1.5 ஆக்கவேண்டும் என்றது அரசின் 2019 வெள்ளை அறிக்கை. பல்கலைக்கழக ஆட்கள் யாரைக் கேட்டாலும் அந்த 1.5 தான் பேச்சு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கண்டுபிடித்ததை வாங்க ஆள் இல்லாத இடத்தில் பணத்தை மட்டும் கூட்டி என்ன பயன்?

கூழாங்கல் அணு உலைத் திட்டத்தைப் பாருங்கள், எரிபொருளை உருண்டை உருண்டையாகப் போட்டு இயக்கும் வகை. 1999ல் அதற்கென்று நிறுவனம் தொடங்கினோம், 2010ல் நிறுத்தினோம். சுமார் 9 பில்லியன் ராண்ட் போயிற்று, பெரும்பகுதி அரசுப் பணம். உலையை வாங்க வாடிக்கையாளர் கிடைக்கவில்லை, கூட முதலீடு போடவும் யாரும் வரவில்லை. நிறுத்தும்போது அமைச்சர் சொன்ன காரணமே அதுதான். தடுப்பூசியிலும் இதே கதை. கெபெர்ஹாவில் ஆஸ்பென் நிறுவனம் உரிமம் வாங்கி, தன் பெயரிலேயே கோவிட் தடுப்பூசி விற்கத் தயாராக இருந்தது. 2022ல் ஓர் ஆர்டர்கூட வரவில்லை.

கவிதா (கேப்டவுன்)
குணா அண்ணா, அணு உலைக் கதையில் பாதியைத்தான் சொல்கிறீர்கள். அதே வகை உலை சீனாவில் 2021 டிசம்பரில் மின்கட்டமைப்பில் சேர்ந்தது, 2023 டிசம்பரில் வணிக உற்பத்திக்கு வந்தது. அவர்களுக்கும் நமக்கும் மூலம் ஒன்றுதான், ஜெர்மானியத் தொழில்நுட்பம். அவர்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய சோதனை உலையை 2000லேயே இயக்கிப் பார்த்துவிட்டுப் பெரிதாகக் கட்டினார்கள். நாம் அந்தப் படியைத் தாண்டி நேராகப் பெரிய உலைக்குப் போனோம். ஆக, அடிப்படை வேலைக்குக் கொடுக்கவேண்டிய காலத்தையும் காசையும் கொடுக்காததுதான் அங்கே நடந்த தவறு.

ஆஸ்பென் விஷயம் ஆராய்ச்சியே இல்லை, கொள்முதல். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

கரூ என்ற வறண்ட நிலப்பகுதியில் 2018ல் திறந்த மீர்காட் வானொலித் தொலைநோக்கியையும் இப்படித்தான் வீண்செலவு என்றார்கள். 64 கிண்ணங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குச் சோறு என்று கேட்டார்கள். 2020ல் நாட்டுக்கு மூச்சுக் கருவிகள் அவசரமாகத் தேவைப்பட்டபோது, அவற்றைச் செய்யும் திட்டத்தை நடத்தும் பொறுப்பை அரசு ஒப்படைத்தது, மீர்காட்டை நடத்தும் வானொலி வானியல் ஆய்வகத்திடம்தான். ஆயிரக்கணக்கில் கருவிகள் உள்நாட்டிலேயே தயாராயின. சிக்கலான கருவியை வடிவமைத்து, பல பட்டறைகளில் பிரித்துச் செய்யவைத்து, சேர்த்து இயக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த ஆட்களை முன்கூட்டியே 'இதற்குத்தான்' என்று ஆர்டர் போட்டு உருவாக்க முடியாது.

தேவகி (டொங்காட்)
ரெண்டு பேரும் கரும்பை விட்டுவிட்டீர்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1925லிருந்து நடக்கிறது. செலவு கரும்பு விவசாயிகளும் ஆலைகளும் பங்கு போட்டுக் கொடுப்பது. அந்தக் காலத்தில் நேட்டால் வயல்களில் இருந்த ஊபா ரகத்தை நோய் பிடித்துக்கொண்டது. கோயம்புத்தூரிலிருந்து கரும்பு விதை வரவழைத்து, இங்கே முளைக்கவைத்து, நல்லதைப் பொறுக்கி எடுத்தார்கள். அப்படி 1945ல் வந்ததுதான் என்கோ 310. அப்புறம் 1955ல் என்கோ 376. இந்த ரெண்டாவது ரகம் பல பத்தாண்டுகள் நேட்டால் வயல்களில் முன்னணியில் நின்றது. பணம் போட்டவனே நட்டும் பார்த்தான். சரியில்லை என்றால் அடுத்த கூட்டத்திலேயே கேட்டுவிடுவான். குணா தம்பி தேடுகிற 'வாங்குகிற ஆள்' இதுதான்.

நம் பாட்டன் பூட்டன் ஒப்பந்தக் கூலியாக வந்து வெட்டிய கரும்பை அப்புறம் காப்பாற்றியது கோவை விதை. இதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவேண்டும்.

கவிதா
அக்கா, அந்தக் கோவை விதை யார் பணத்தில் வந்தது? கரும்பு இனப்பெருக்க நிலையத்தை 1912ல் தொடங்கியது அங்கிருந்த அரசாங்கம். அங்கே விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கடராமனும் பயிர்க் கரும்பை நாணல் போன்ற காட்டுக் கரும்போடு கலந்து முதல் ரகத்தை வெளியிட 1918 ஆயிற்று. ஆறு வருடம் பொறுத்திருந்தது பொதுப்பணம். நேட்டால் விவசாயி கொடுத்தது அதற்குப் பிறகு வந்த கடைசிக் கட்டத்துக்கு.

இன்னொன்று. ஆலை கொடுக்கும் பணத்தை நம்பினால் ஆலை விழும்போது ஆராய்ச்சியும் ஆடும். 2022 அக்டோபரில் டொங்காட் ஹுலெட் சர்க்கரை நிறுவனம் கடனில் மூழ்கி மீட்பு நடவடிக்கைக்குப் போனதும் சர்க்கரைச் சங்கத்துக்குக் கட்டவேண்டியதை நிறுத்தியது, கோர்ட் வரை போனார்களே.

தேவகி
நிறுத்தியது உண்மை. ஆனால் கோர்ட்டுக்குப் போய்க் கேட்க ஒரு சங்கம் இருந்தது. அரசு மானியம் நின்றால் யார் போய்க் கேட்பது?

ரவி (டர்பன், மருத்துவ ஆய்வுப் பணி)
குணா அண்ணன் வாதம் எங்கள் துறையில் நிற்காது. எச்ஐவி மருந்தை உலகத்திலேயே அதிகம் பேருக்குக் கொடுப்பது நம் அரசு. இதைவிடப் பெரிய வாங்குகிற ஆள் எங்கே? ஆனாலும் ஆய்வுப் பணத்தில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2025ல் அதை நிறுத்தியதும் பயிற்சி பெற்ற செவிலியர்கள், லேப் ஆட்கள், வீடு வீடாகப் போய்ப் பேசத் தெரிந்த களப்பணியாளர்கள் என்று நிறையப் பேருக்கு வேலை போயிற்று. அரசு மூன்று வருடத்துக்கு 400 மில்லியன் ராண்ட் ஒதுக்கியது. நல்லதுதான், ஆனால் போன பணத்துக்கு அது ஈடில்லை.

எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் லெனகாபாவிர் ஊசியைப் பாருங்கள். நம் நாட்டிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் சோதித்தார்கள். ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை. 2024 அக்டோபரில் மலிவு வகை தயாரிக்க ஆறு நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தார்கள். இந்தியா, பாகிஸ்தான், எகிப்து நிறுவனங்களுக்கு உண்டு, தென்னாப்பிரிக்க நிறுவனம் ஒன்றுகூட இல்லை. சோதனைக்கு நம் பெண்கள் முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள், தயாரிக்கும் உரிமம் மட்டும் நமக்கு இல்லை. அது எனக்கு வலிக்கிறது.

குணா
ரவி, நீங்கள் சொன்னது என் பக்கம்தான் வருகிறது. இவ்வளவு வாங்குகிற அரசு, சோதனைக்கு அனுமதி கொடுக்கும்போதே 'ஒரு பங்கு இங்கே தயாராகவேண்டும், பத்து வருடத்துக்கு நாங்கள் வாங்குகிறோம்' என்று எழுதி வாங்கியிருக்கலாம். அதற்கு 1.5 சதவீதம் தேவையில்லை. டெண்டர் விதியை மாற்றினால் போதும்.

கவிதா
எழுதி வாங்கலாம். ஆனால் மருந்தின் மூலப்பொருளையே இங்கே தயாரிக்க வேதியியல் படித்தவர்கள் வேண்டும், அவர்களுக்கு முனைவர் பட்ட உதவித்தொகை இன்றைக்கே வேண்டும். அந்தப் பணத்தை எந்த டெண்டரில் எழுதுவீர்கள், அண்ணா?

ரவி
களத்தில் வேலை இழந்தவர்களையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால், அடுத்த மருந்துக்கான சோதனையே இங்கே நடக்காது.